ஆறரை அங்குலமா, ஒன்பதரை அங்குலமா? நீளக் குழல் .22 ரிவால்வர் பற்றி

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: வயது நாற்பத்தொன்பது, சிகாகோ புறநகரில் வீடு, போன வருடம்தான் கிரீன் கார்டு கிடைத்தது. கட்டைவிரலால் ஹேமரை (தோட்டாவை அடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தியலை) இழுத்துவிட்டுச் சுடும் பழைய கௌபாய் பாணி .22 ரிவால்வர் (.22 என்பது அங்குலத்தில் குண்டின் தடிமன்) ஒன்று வாங்க வேண்டும். வேட்டை வேண்டாம், தற்காப்பு வேண்டாம், சனிக்கிழமை பொழுதுபோக்கு மட்டும். குழல் நீளமாக இருந்தால் குறி தப்பாது என்று நண்பர் சொல்கிறார். ரூகர் கம்பெனியின் சிங்கிள் சிக்ஸில் 6½ அங்குலம் எடுப்பதா, 9½ எடுப்பதா? இல்லை, விலை குறைந்த ஹெரிடேஜ் ரஃப் ரைடரே போதுமா? மாடல் பெயர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே கேள்வி: குழலின் நீளம் உங்களுக்கு என்ன செய்யும், என்ன செய்யாது?

என்னைப் பற்றி இரண்டு வரி. டெக்சாஸில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன கிளப்பில் மாதம் இரண்டு சனிக்கிழமை ரேஞ்ச் மேற்பார்வை பார்க்கிறேன். புதிதாக வருபவர்கள் கையில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகை ரிவால்வர்தான். நான் துப்பாக்கி ரிப்பேர் செய்பவன் அல்ல, வக்கீலும் அல்ல. அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நண்பர் சொன்னது. நீளக் குழல் துப்பாக்கியின் துல்லியத்தைக் கூட்டாது. மணல் மூட்டையில் வைத்து, டெலஸ்கோப் மாட்டி, ஒரே தோட்டாவைச் சுட்டால் 5½ அங்குலக் குழலும் 9½ அங்குலக் குழலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சுடும். நீளம் மாற்றுவது உங்கள் தவறின் அளவை. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் (குறிபார்க்க உதவும் முனைகள்) நடுவே உள்ள தூரம் 5½ அங்குல ரிவால்வரில் சுமார் 8 அங்குலம், 9½ அங்குலத்தில் சுமார் 12 என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் நடுவிலிருந்து நூறில் ஒரு அங்குலம் விலகிவிட்டது. 25 கஜத்தில், அதாவது 900 அங்குலத்தில், முதலாவதில் அந்தத் தவறு ஒரு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். இரண்டாவதில் முக்கால் அங்குலம். கணக்கு அவ்வளவுதான். தகர டப்பாவுக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. ஐம்பது கஜத்தில் தொங்கும் சின்ன இரும்புத் தட்டுக்குப் பொருட்டுதான்.

வேகமும் அப்படித்தான். ரிவால்வரில் சிலிண்டருக்கும் (ஆறு தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் எட்டு பங்கு வரை. வாயு அதன் வழியே கொஞ்சம் தப்பிவிடும். ரைஃபிளில் வினாடிக்கு 1070 அடி என்று பெட்டியில் போட்டிருக்கும் 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) சாதாரண வேகத் தோட்டா, என் வேகமானியில் 6½ அங்குலக் குழலில் 900-ஐ ஒட்டி வந்தது, 9½-ல் 950-ஐ ஒட்டி. மூன்று அங்குல எஃகு கூட்டி வாங்கியது ஐம்பது அடி. டப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது.

அப்படியென்றால் நீளத்துக்குப் பயனே இல்லையா? உண்டு. நீங்கள் போகிற போக்கில் உங்கள் வயதை எழுதியிருக்கிறீர்களே, அங்கே இருக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டினால் கைநீட்டிய தூரத்தில் இருக்கும் முன் சைட் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். குறி தெளிவாக இருக்கும், சைட் பஞ்சுபோல் இருக்கும். கைத்துப்பாக்கியில் தெளிவாகத் தெரியவேண்டியதோ சைட்தான், குறி கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. 4⅝ அங்குலக் குழலிலிருந்து 9½-க்குப் போனால் முன் சைட் கண்ணிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் தள்ளிப் போகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஐந்து அங்குலம் செய்த உதவியை எந்தப் புதுத் தோட்டாவும் செய்யவில்லை. ப்ரோக்ரஸிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு) போடுபவராக இருந்தால் இன்னொன்று. சைட்டைத் தேடித் தலையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பீர்கள், கழுத்து வலிக்கும், குறியும் மேலே கீழே அலையும். கண் மருத்துவரிடம் கை நீளத்தை அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். துப்பாக்கிக்கு முன் இதற்குச் செலவு செய்யுங்கள் என்பேன். அந்தக் கண்ணாடி கையில் இருந்தால் குழல் நீளத்தின் முக்கியத்துவம் பாதியாகிவிடும்.

நீளத்துக்குக் கொடுக்கும் விலை எடை. சிங்கிள் சிக்ஸ் 6½ அங்குலம் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும், 9½ சுமார் 1.1 கிலோ. நூறு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த நூறு கிராம் மூக்கு நுனியில் தொங்குகிறது. முதல் முப்பது தோட்டா வரை அது நல்லது: நுனி கனமாக இருப்பதால் படபடவென்று ஆடாது, மெல்ல அசையும். அப்புறம் தோள் சொல்லிவிடும். நின்றுகொண்டு, ஒரு கையால் பழைய பாணியில் சுட ஆசையென்றால் 9½ அங்குலம் உங்களை இருபது நிமிடத்தில் உட்காரவைக்கும். உட்கார்ந்து, மணிக்கட்டை மேசையில் மூட்டைமேல் ஊன்றிச் சுடுவதென்றால் அதுதான் சுகம். ஆனால் மூட்டையில் வைப்பது கையை, குழலை அல்ல. குழலையே மூட்டையில் வைத்தால் குண்டு விழும் இடம் மாறிவிடும்.

இன்னொரு விஷயம் புத்தகக் கணக்கில் அதிகம் வராது. ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுக்கும் இந்த வகைக்கு சிங்கிள் ஆக்‌ஷன் என்று பெயர். சிங்கிள் ஆக்‌ஷன் ஹேமர் பெரியது, விழும் தூரமும் அதிகம். ட்ரிகர் விட்டபின் ஹேமர் போய் அடிக்கும் வரை நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கையைத் தளர்த்தினால் குறி போச்சு. சத்தம் கேட்ட பிறகும் சைட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பழகவேண்டும். இதைப் பழகியவர் நாலே முக்கால் அங்குலத்திலும் அடிப்பார். பழகாதவருக்கு ஒன்பதரையும் கைகொடுக்காது.

இப்போது மாடல்கள். ரூகர் சிங்கிள் சிக்ஸ் 1953-ல் வந்தது. 1873-ஆம் வருடத்து கோல்ட் ரிவால்வரின் உருவம்தான், ஆனால் உள்ளே எளிதில் உடையும் தகட்டு ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். 1973-ல் உள்ளமைப்பையே மாற்றி ‘நியூ மாடல்’ ஆக்கினார்கள். ஹேமருக்கும் ஃபயரிங் பின்னுக்கும் (தோட்டாவை அடிக்கும் ஊசி) நடுவே ட்ரான்ஸ்ஃபர் பார் என்ற தகடு. ட்ரிகரை இழுத்துப் பிடித்திருந்தால் மட்டுமே அது மேலே வந்து அடியைக் கடத்தும். துப்பாக்கி கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டாலும் சுடாது, எனவே ஆறு அறையிலும் போடலாம். 1973-க்கு முந்தைய பழைய மாடலில் அப்படி இல்லை. அதில் ஐந்துதான் போடவேண்டும், ஹேமர் காலி அறைமேல் படுத்திருக்க வேண்டும். ஒன்று போட்டு, ஒன்றை விட்டு, நான்கு போட்டு, ஹேமரை முழுதாக இழுத்து மெல்ல இறக்கினால் காலி அறையில் நிற்கும் என்பது இங்கே பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம். பழைய மாடல் வாங்கினால் ரூகருக்கே அனுப்பலாம். இலவசமாகப் பாதுகாப்புப் பாகங்களை மாற்றி, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கொடுப்பார்கள். சேகரிப்பவர்கள் அந்தப் பழைய பாகங்களை விடவே மாட்டார்கள், அதற்கும் விலை உண்டு.

நீங்கள் பார்த்த ‘கன்வர்ட்டிபிள்’ மாடலில் இரண்டு சிலிண்டர் வரும், ஒன்று சாதாரண .22 தோட்டாவான 22 லாங் ரைஃபிளுக்கு, மற்றது அதைவிட வலுவான 22 மேக்னத்துக்கு. மேக்னம் தோட்டா நீளம், தடிமனும் கூட, சாதாரணச் சிலிண்டரில் நுழையவே நுழையாது. ஆபத்து எதிர்ப்பக்கம்: லாங் ரைஃபிள் தோட்டா மேக்னம் சிலிண்டரில் தொளதொளவென்று நுழைந்துவிடும். சுட்டால் தோட்டாவின் உறை வீங்கும், பிளக்கவும் செய்யும், வாயு முகத்தை நோக்கி வரும். இரண்டு சிலிண்டரையும் ஒரே பையில் போடாதீர்கள். எங்கள் கிளப்பில் மேக்னம் சிலிண்டரைச் சிவப்புத் துணிப்பையில்தான் வைக்கவேண்டும் என்று விதியே உண்டு. அது வெறும் கண்டிப்பு அல்ல. ஒரு சனிக்கிழமை கிழிந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வந்த விதி. இரண்டு வகைக் குண்டுக்கும் ஒரே குழல் என்பதால் லாங் ரைஃபிளில் துல்லியம் குறைகிறது என்று பலர் எழுதுவார்கள். இது சந்தேகத்துக்குரியது. இரண்டு குண்டுகளின் விட்டத்துக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம்தான். என் துப்பாக்கி 25 கஜத்தில் மூட்டைமேல் ஒன்றரை அங்குலத்துக்குள் ஆறையும் போடும். ஆனால் ஒரு துப்பாக்கியை வைத்துப் பொது விதி சொல்லக்கூடாது. பொழுதுபோக்குக்கு மேக்னம் தேவையே இல்லை என்பது மட்டும் என் உறுதியான கருத்து. ஒரு மேக்னம் தோட்டா விலையில் லாங் ரைஃபிள் மூன்று நான்கு வாங்கலாம், மேக்னத்தின் சத்தமோ காதைக் கிழிக்கும்.

ஹெரிடேஜ் ரஃப் ரைடர் ஜார்ஜியா மாநிலத்தில் பெயின்பிரிட்ஜில் செய்கிறார்கள். விலை இருநூறு டாலருக்குள் முடிந்துவிடும். சிங்கிள் சிக்ஸோ எழுநூறு, எண்ணூறு. 4¾, 6½, 9 என்று பல நீளம், 16 அங்குலம் வரை கூட உண்டு. இடப்பக்கம் கையால் தள்ளும் சேஃப்டி ஒன்று இருக்கும். கௌபாய் துப்பாக்கியில் அது கண்ணை உறுத்தும், ஆனால் கெடுதல் இல்லை. பெரும்பாலான மாடல்களில் சைட் நிலையானது, திருகித் திருத்த முடியாது. குண்டு இரண்டு அங்குலம் இடப்பக்கம் விழுந்தால் நீங்கள் இரண்டு அங்குலம் வலப்பக்கம் பார்த்துச் சுடவேண்டியதுதான். நீளக் குழல் வாங்குவதே சைட் நுணுக்கத்துக்காக. அதில் திருத்த முடியாத சைட் வைத்தால் கதை அரைகுறைதான். அப்புறம், அதன் சட்டகம் துத்தநாகக் கலவையில் வார்த்தது. நீங்கள் இருப்பது இல்லினாய். அங்கே 800 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் துத்தநாகக் கலவையில் வார்த்த சட்டகமுள்ள கைத்துப்பாக்கியைக் கடைக்காரர்கள் விற்கக்கூடாது என்று சட்டம். மலிவுத் துப்பாக்கிகளைக் குறிவைத்து எழுதியது. உங்கள் ஊர்க் கடையில் ரஃப் ரைடர் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். ஆக, உங்கள் மூன்றாவது கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

நடுவில் ஒன்று இருக்கிறது. ரூகர் 2019-ல் ரேங்க்ளர் என்று ஒன்று விட்டார்கள்: அலுமினியக் கலவைச் சட்டகம், ட்ரான்ஸ்ஃபர் பார், நிலையான சைட், விலை ஹெரிடேஜுக்குக் கொஞ்சம்தான் மேலே. 2023-ல் வந்த சூப்பர் ரேங்க்ளரில் எஃகுச் சட்டகம், திருகித் திருத்தும் சைட், இரண்டு சிலிண்டர், குழல் 5½ அங்குலம். சிங்கிள் சிக்ஸின் பாதி விலைக்குள் அதன் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். மெருகு கிடையாது, கையில் எடுத்தால் தெரியும். மேல்முனையில் வயோமிங் மாநிலத்து ஃப்ரீடம் ஆர்ம்ஸ் இருக்கிறது. சிலூயட் போட்டிக்காரர்களுக்குப் பத்து அங்குலக் குழலில் .22 செய்தார்கள், விலை ஆயிரங்களில். பார்த்து ஆசைப்படலாம், முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

சிலூயட் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நீளக் குழல் .22-க்கு நிஜமான இடம் அங்கேதான். மெக்சிகோவிலிருந்து வந்த விளையாட்டு. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளை 25, 50, 75, 100 மீட்டர் என்று வரிசையாகத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். குண்டு பட்டால் போதாது, தகடு விழவேண்டும். நூறில் நிற்கும் கடாவை .22-ஆல் சாய்ப்பவர்களைப் பார்த்தால் நீங்களும் ஒன்பதரைதான் வாங்குவீர்கள். சினிமா நினைவில் நீளக் குழல் கேட்கிறவர்கள் வேறு ரகம். நெட் பண்ட்லைன் என்ற எழுத்தாளர் கௌபாய் காலத்துக் காவல் அதிகாரி வயாட் ஏர்ப்புக்கும் இன்னும் நால்வருக்கும் 12 அங்குல கோல்ட்டுகளைப் பரிசளித்தார் என்ற கதை 1931-ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாற்றில்தான் பரவியது; தேடியவர்களுக்கு கோல்ட் கம்பெனிப் பதிவுகளில் அப்படி ஓர் ஆர்டர் கிடைக்கவில்லை. ஆனாலும் 1950-களில் தொலைக்காட்சித் தொடர் அந்தக் கதையை வீடுவீடாகக் கொண்டுபோனதும், கோல்ட்டே அந்தப் பெயரில் நீளக் குழல்களைச் செய்து விற்றார்கள். ஆசைக்காக வாங்குவதில் தவறில்லை, ஆசைக்குத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

பதினாறு அங்குல ரிவால்வரை இரண்டே முறைதான் சுட்டிருக்கிறேன், அதனால் அதைப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும். நீளம் கூடக் கூட இடது கை தானாக முன்னே போய்க் குழலைத் தாங்கப் பார்க்கும், ரைஃபிள் பிடித்த பழக்கம். சிலிண்டர் இடைவெளி என்று மேலே சொன்னேனே, அங்கிருந்து சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீய்ச்சும். விரலோ மணிக்கட்டோ அங்கே இருக்கக்கூடாது. இரண்டு கையும் பிடியில்தான். பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும்.

சட்டப் பக்கம், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். இல்லினாயில் முதலில் மாநிலப் போலீஸ் கொடுக்கும் ஃபாய்ட் கார்டு (துப்பாக்கி வைத்திருப்போர் அடையாள அட்டை) எடுக்கவேண்டும், கடையில் மத்திய அரசின் 4473 படிவம் நிரப்பவேண்டும், பின்னணிச் சோதனை, வாங்குவதாக ஒப்புக்கொண்டதிலிருந்து 72 மணி நேரக் காத்திருப்பு. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது வேறு: மத்தியச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் பொதுவாகத் தடை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதும் அதில் அடங்கும். செல்லத்தக்க வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ‘எல்லாரும் சுடுகிறார்களே’ என்று டீம் அவுட்டிங்கில் கையில் எடுத்துக் குடியேற்ற வழக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இதை வக்கீலிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள், என்னிடம் அல்ல.

சரி, உங்களுக்கு எது? சிகாகோக் குளிரில் வருடத்தில் பாதி மூடிய ரேஞ்சில்தான் சுடுவீர்கள். தடுப்புக்குள் நின்றபடி, 25 கஜத்துக்குள். அதற்கு சிங்கிள் சிக்ஸ் 6½ அங்குலம்தான் என் தேர்வு. கண்ணுக்குப் போதுமான நீளம், தோளுக்குத் தாங்கும் எடை. பணம் இடித்தால் சூப்பர் ரேங்க்ளர், ஒரு அங்குலம் குறைகிறது, பரவாயில்லை. கோடையில் திறந்தவெளி ரேஞ்சுக்குப் போய் ஐம்பது கஜத்துக்கு மேல் உட்கார்ந்து சுடுவதுதான் உங்கள் கனவென்றால் 9½ வாங்குங்கள். அது எல்லாக் கடையிலும் இருக்காது, பழையதாகக் கிடைத்தாலும் நல்லதுதான். பழையதை வாங்கும்போது, காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஹேமரை முழுதாக மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் சிலிண்டர் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் விரலால் தள்ளித்தான் பூட்டுகிறதென்றால் அதை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

முதல் மாதம் நான்கைந்து வகைத் தோட்டா, ஒவ்வொன்றிலும் ஐம்பது வாங்கிச் சுட்டுப் பாருங்கள். .22 துப்பாக்கிகளுக்கு நாக்கு உண்டு, ஒன்றுக்குப் பிடித்தது மற்றதற்குப் பிடிக்காது. மூடிய ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு, ஈயம் விளையாட்டல்ல.

கடைசியாக, வீட்டில் தோட்டா இல்லாமல் பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ரிம்ஃபயரில் (.22 போல விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டா வகை) ஃபயரிங் பின் விளிம்பில் அடிப்பதால், சில துப்பாக்கிகளில் வெறுமனே அடித்தால் அது அறையின் ஓரத்திலேயே பட்டு நசுக்கும். நியூ மாடல் சிங்கிள் சிக்ஸை வெறுமனே அடிக்கலாம் என்று அதன் கையேடே சொல்கிறது, இருந்தாலும் நான் செய்வதில்லை. ஹார்டுவேர் கடையில் சுவரில் திருகு மாட்ட விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர், நான்காம் நம்பர், .22 அறையில் கச்சிதமாக உட்காரும். ஆறையும் போட்டுக்கொண்டு, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் பூட்டிவிட்டு, தினம் முப்பது முறை ஹேமரை இழுத்து விடுங்கள். நூறு ஆங்கர் சில டாலர்தான். நான் அடிக்கடி வாங்குவதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்க் கடைக்காரர் என் வீட்டுச் சுவர் முழுக்கப் படம் மாட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.